புள்ளடி

ஏறாவூர்,
12.11.1947.

மச்சான் அவர்களுக்கு,

முதலில் சலாம். உங்கள் உடம்பையும் மனதையும் அல்லாஹ் நல்லபடி வைத்திருக்க வேண்டும். மச்சான் என்று எழுதலாமா என்று பதியுதீன் ஆலிமிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தலாக் விழுந்தாலும் விழாவிட்டாலும் தூரத்து மாமி மகன் மாமி மகன்தான், அந்த முறை எங்கேயும் போகாது என்று சிரித்தார். இந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து சிரித்த ஆள் அவர் ஒருவர்தான்.

இங்கே மாரி மழை பிடித்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கரைத் தென்னைகளின் அடிக்கு வந்துவிட்டது, முகத்துவாரம் வெட்டுவார்கள் என்று பேசுகிறார்கள். கிரான் பக்கத்து வயல் வட்டையில் வாப்பா விதைத்தது முளைத்திருக்கிறது. கூப்பன் அரிசியில் கல்லும் புழுவும் பாதி. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. பெருநாளுக்கு முந்தின கிழமை பிள்ளை ஜெமீலாவுக்குக் காய்ச்சல் கடுமையாகி, வாய் பிதற்றும் அளவுக்குப் போனது. ஆஸ்பத்திரி மருந்தில் இறங்கிவிட்டது. இப்போது ஓடித் திரிகிறாள். கொஞ்சம் மெலிந்துவிட்டாள், வேறொன்றும் இல்லை. பயப்பட வேண்டாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தன்னாமுனைக் கனகசூரியம் மாஸ்டர், உங்கள் கட்சிக் கூட்டாளி, சைக்கிளில் வந்து வாசல் கடப்படியில் நின்று வாப்பாவின் கையிலேயே கொடுத்தார். ஒளித்துக் கொடுத்தால் ஊர் வேறு கதை கட்டும் என்று நினைத்திருப்பார். வாப்பா உறையைப் பிரிக்காமல் என்னிடம் தந்தார். மாத்தளைக்குப் போய் எழுதிய முதல் கடிதம், பக்கம் நிறைய இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். ஒரு வரி இருந்தது. குடைக்கா, திறப்புக்கா, உண்மையைச் சொல் என்று. கடையில் வேலை எப்படி, சாப்பாடு எங்கே, பிள்ளை எப்படி என்று ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின் பக்கம் வெறுமையாக இருந்தது.

அழ வேண்டும் போல இருந்திருக்க வேண்டும், மச்சான். வரவில்லை. தறியில் போய் உட்கார்ந்து சாரம் நெய்தேன்.

நீங்கள் அறிந்ததைத்தான் இனி எழுதப் போகிறேன். ஆனால் என் பக்கத்தில் நின்று நீங்கள் அதைப் பார்த்ததில்லை. அதனால் பொறுமையாக வாசியுங்கள்.

நம் பகுதிக்கு எலக்சன் கேட்டவர்கள் ஐந்து பேர். அவர்களின் படங்கள் குடை, பூட்டுத் திறப்பு, மணிக்கூடு, தராசு, வண்டில் சில்லு. ஒரே கட்சியின் ஆள் என்று சொல்லியே இரண்டு பேர் கேட்டார்கள். குடைக்காரர் எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை, என் உம்மாவின் தாய்வழிக் குடி. வாப்பாவின் சொந்தக் குடி வேறு. இருந்தும், மாப்பிள்ளையாக வந்த வீட்டின் குடிக்கு நிற்பதுதான் ஆண்பிள்ளைக்கு மரியாதை என்று சொல்லி, செருப்புத் தேய அவருக்காக அலைந்தார். நீங்களும் எனக்குச் சீதனமாகக் கிடைத்த இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அப்படியே நிற்பீர்கள் என்று அவர் எதிர்பார்த்ததில் குற்றம் சொல்ல முடியாது.

நீங்களோ திறப்புக்காரரின் கட்சியில் பெயர் பதிந்துகொண்டு வந்தீர்கள். கட்சி என்றால் என்ன என்று உங்களிடம் கேட்டேன். அதுவும் குடி மாதிரித்தான், ஆனால் தாய் வழியில் வராது, பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகலாம் என்றீர்கள். விலகிப் போகக்கூடிய குடிக்காக யாராவது சண்டை பிடிப்பார்களா என்று கேட்டேன். இந்த நாடு இனிமேல் அப்படித்தான் நடக்கும், பிறப்பைப் பார்த்து யாரும் வோட்டுப் போட மாட்டார்கள் என்று எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். கரியால் நிலத்தில் கோடு கிழித்து, இதுதான் புள்ளடி, படத்துக்கு நேரே போட வேண்டும், கோடு தாண்டக் கூடாது என்று காட்டித் தந்ததும் நீங்கள்தான். அந்த நாட்களில் எனக்கு உங்கள் மேல் மிகவும் பெருமையாக இருந்தது. இதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை.

எலக்சனுக்கு முதல் நாள் என்னை ஏற்றிப் போக வாப்பா குடைக்கொடி கட்டிய கூடார வண்டிலுக்குச் சொல்லி வைத்திருந்தார். நீங்கள் திறப்புப் படம் ஒட்டிய காருக்குச் சொல்லி வைத்திருந்தீர்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்து இரண்டு பேரும் கடப்படியில் சந்தித்துக்கொண்டீர்கள். முதலில் வண்டிலா காரா என்று தொடங்கியது. பிறகு யார் யாருடைய சோற்றைத் தின்கிறது என்று போனது. வாப்பா சொன்ன அந்தச் சொல் பிழை, நான் இன்றைக்கும் அதைப் பிழை என்றுதான் சொல்வேன். நீங்கள் அவரை விட்டுவிட்டு வாசலுக்குள் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "எதிலயும் போ. ஆனா குடைக்குப் புள்ளடி போட்டா, அதோட நீ எனக்குத் தலாக்." வண்டில்காரரும் கேட்டார், அடுத்த வளவுப் பெண்களும் கேட்டார்கள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் உம்மாவின் வீட்டுக்கும், அங்கிருந்து மாத்தளைக்கும் போய்விட்டீர்கள்.

என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நான் அப்போது கையில் ஜெமீலாவின் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். உள்ளே போய் மிச்சச் சோற்றை அவளுக்குத் தீத்தினேன்.

அடுத்த நாள் நான் வண்டிலிலும் போகவில்லை, காரிலும் போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உம்மா பின்னால் புறுபுறுத்துக்கொண்டு வந்தா. பெண்களுக்கென்று தனி அறை இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்து ரீச்சர் ஒருவர் கடதாசியைத் தந்து, மறைப்புக்குள்ளே போங்கள், எதற்குப் போட்டீர்கள் என்று யாரும் கேட்க முடியாது, நீங்களும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்றா. எல்லாப் பெண்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு மட்டும் சொன்னது போல இருந்தது.

மறைப்புக்குள் ஒரு மேசையும் நூலில் கட்டிய பென்சிலும் இருந்தன. நான் பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் தனியாக நின்றதென்றால் அங்கேதான், மச்சான். கிணற்றடியில் நின்றாலும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே கூப்பிட ஆளில்லை. ஐந்து படத்தையும் பார்த்தேன். ஒன்றுக்கு நேரே போட்டேன். கோடு தாண்டவில்லை.

குடை வென்றது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். அந்த வெற்றியில் தன் மகளின் வோட்டும் இருக்கிறது என்று வாப்பா கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொன்னார். அதன் பிறகுதான் ஆலிம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சொன்ன சொல் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு விளங்கப்படுத்தினார். குடைக்குப் போட்டிருந்தால் ஒரு தலாக் விழுந்துவிட்டது, வோட்டுப் போட்ட அன்றிலிருந்து இத்தா என்ற காத்திருப்புக் காலம். போடவில்லை என்றால் ஒன்றும் விழவில்லை, நான் உங்கள் மனைவி. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும் என்பதால் என் வாய்ச்சொல்தான் சாட்சி என்றார். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. குடை என்று சொல்லிவிடு மகள், வேறு நல்ல இடம் இருக்கிறது என்று உம்மாவின் சாச்சி கிழமைக்கு இரண்டு தடவை வந்து போகிறா. உங்களுக்கு மூத்தவ, றபீக்கா தாத்தா வந்து, திறப்பு என்று ஒரு சொல் சொல்லு, தம்பி நாளைக்கே வந்து நிற்பான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. எனக்காகத்தான் அழுதா, அது தெரிகிறது. ஆனால் இரண்டு பேரும் எது உண்மை என்று கேட்கவில்லை. எது வசதி என்பதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

அடுத்த கூத்து உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரிந்திருக்கும். கொழும்பில் ஆட்சி அமைக்க எந்தக் கட்சிக்கும் தனியாக ஆள் போதவில்லையாம். சுயேச்சைக்காரருக்கு நல்ல கிராக்கியாம். எங்கள் குடைக்காரரும் உங்கள் கட்சியில் போய் உட்கார்ந்துவிட்டார். கனகசூரியம் மாஸ்டர் பேப்பரை விரித்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். வாப்பா இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். குடைக்காரர் ஊருக்கு வந்தபோது திறப்புக்காரரின் வீட்டில் அவருக்குப் பிரியாணி விருந்து நடந்தது. வாப்பாவையும் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா என் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இனி குடையும் திறப்பும் ஒன்றுதானே மகள், திறப்புக்குப் போட்டேன் என்று சொல்லிவிடு, எனக்கு வெட்கமில்லை, அவன் வரட்டும் என்றார். வோட்டுக்காக உங்களைச் சோற்றைச் சொல்லி ஏசிய மனிதர் அவர்தான். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நூல் அறுந்ததைக் கூடக் கவனிக்காமல் நெய்துகொண்டிருந்தேன். பிறகு அவ்வளவையும் பிரிக்க வேண்டி வந்தது.

குடைக்காரர் கட்சி மாறிவிட்டதால் சொன்ன சொல்லும் இல்லாமல் போகுமா என்று வாப்பா ஆலிமிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஆலிம் மறுத்துவிட்டார். அவர்கள் எத்தனை தரம் மாறினாலும் மாறட்டும், உங்கள் மருமகன் கட்சியைச் சொல்லவில்லை, குடையைத்தான் சொன்னார், அந்தப் பிள்ளை அன்றைக்குப் போட்ட புள்ளடி அங்கேயேதான் இருக்கிறது என்றாராம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். தலாக் விழுந்திருந்தாலும் அது ஒன்றுதான். இத்தா முடிவதற்குள், அவளை மீட்டுக்கொண்டேன் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும், மறு நிக்காஹ் தேவையில்லை. விழுந்ததா இல்லையா என்று தெரியாவிட்டாலும் பேணுதலுக்காக அந்தச் சொல்லைச் சொல்லி வைக்கலாம், அதில் தடையில்லை என்று ஆலிம் வாப்பாவுக்கு முன்னால் சொன்னார். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமலேயே நீங்கள் என்னிடம் திரும்பி வரலாம் என்பது இதன் அர்த்தம். அதற்கும் அதிக காலம் இல்லை. நான் எதற்கும் இத்தா இருந்து வருகிறேன். மாதக் குளிப்பு இரண்டு தடவை குளித்தாகிவிட்டது. மூன்றாவது தொடங்கினால் அத்தோடு சரி. அது இந்த மாதக் கடைசியில் வரும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், உங்களுக்கு இதை எழுத வேறு ஆளில்லை.

பதிலைச் சொன்னால் என்ன என்று நினைப்பீர்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். திறப்பு என்று எழுதினால், சொன்ன சொல்லுக்குப் பணிந்தவள் என்று வருவீர்கள். குடை என்று எழுதினால், மன்னித்துவிட்டவராக வருவீர்கள், அல்லது வரமாட்டீர்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு படத்துக்காக வருவீர்கள். ஆறு வருடம் உங்களோடு இருந்திருக்கிறேன். உங்களுக்கு ஆக்கித் தந்தேன், உங்கள் பிள்ளையைப் பெற்றேன், கட்சிக் கூட்டத்தால் வந்த உங்கள் சட்டையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக் கழுவினேன். அதில் ஒன்றுக்காக வர முடியாதா என்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும், அதுவும் வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போய்க் கிடக்கிறது. நீங்கள் இல்லாமல் இருக்க எனக்கு முடியும் என்பதும் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம். வீடு இருக்கிறது, தறி இருக்கிறது, வாப்பாவின் வயல் இருக்கிறது. அதற்காக நான் உங்களைக் கூப்பிடவில்லை.

அங்கே மாத்தளைக் குளிரில் உங்களுக்கு இளைப்பு வரும், நெஞ்சை மூடிக்கொண்டு படுங்கள். தொழுகையை விட வேண்டாம். உங்கள் கையிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும். உங்களுக்கு எந்தக் கெடுதலும் வரக்கூடாது என்று ஐந்து நேரமும் கேட்கிறேன், அது மட்டும் மரத்துப்போகவில்லை.

மீட்டுக்கொண்டேன் என்ற அந்தச் சொல்லை இரண்டு பேர் கேட்கச் சொல்லுங்கள், எழுதியும் அனுப்புங்கள். தலாக்கைச் சொன்னபோது "போட்டா" என்று ஒன்று வைத்துச் சொன்னீர்கள். இதில் ஒன்றும் வைக்க வேண்டாம், மச்சான்.

கடிதத்தின் கடைசியில் என் பெயருக்கு மேலே வழக்கமாக எழுதும் சொல்லை இந்தத் தடவை எழுதவில்லை. எழுதலாமா என்று எனக்குத் தெரியாது. அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,


சித்தி நபீஸா