ஐயாவின் கராஜுக்கு ஒரு லிப்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் ஐயாவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நான் சுகம். இங்கே ஜேர்மனியில் குளிர் மட்டும் கூடுதல்.

தம்பி நேசனின் மேல் ஜாக் சறுக்கிக் கார் விழுந்து அவன் உயிர் போன அதே கொட்டிலில், ஐயா மறுபடியும் கார் திருத்துவதாக எழுதியிருந்தீர்கள். வாசித்ததிலிருந்து மனம் சரியில்லை. அதனால் சனிக்கிழமை, என்னோடு அறையில் இருக்கும் குருநகர் யாகோப்புவுடன் கடைக்குப் போனேன். கரண்டில் காரைத் தூக்கும் லிப்ட்தான் சுகம். ஊரில் கரண்ட் இல்லையே. கையால் பம்ப் பண்ணுவதைத் தெரிந்தெடுத்தேன். தூக்கியதும் பூட்டு விழுந்துவிடும், சறுக்காது. கழற்றிக் கொண்டுபோகவும் முடியும்.

"உதை ஆர் பாவிக்கப் போகினம்?" என்று யாகோப்பு கேட்டான்.

"தம்பிதான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. யாகோப்பு லிப்ட்டின் மறுபக்கத்தைத் தூக்கினான்.

கொழும்புக்கு அனுப்புகிறேன். அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவர ஆமிக்காரர் விடுவார்களோ தெரியாது. அதுவரை ஐயாவைக் காருக்குக் கீழே படுக்க விடாதீர்கள். கொஞ்சம் மிளகாய்த்தூளும் நேசனின் படம் ஒன்றும் அனுப்புங்கள். என்னிடம் இருக்கும் படத்தில் அவனுக்கு மீசை முளைக்கவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது, அம்மா.

உங்கள் மகன்,
பஞ்சலிங்கம்