ஒற்றை வேர்

ஏப்ரல் 30, 2016

இந்த வருஷமும் பூக்கவில்லை. பாறைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பச்சை மெத்தையாகப் படர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஆல்ப்ஸ் மலையில் இலை தெரியாமல் பூக்கிற செடி. எங்கள் ப்ர்னோ நகரத் தோட்டத்தில் ஒன்பது வருஷமாக ஒரு மொட்டுகூட இல்லை. விதை போட்டது நான். ஜல்லி சுமந்தது யரோமிர். நேற்று எங்கள் விவாகரத்தும் முடிந்தது.

ஆகஸ்ட் 19

மண்வெட்டியோடு வந்தான் யரோமிர். இப்போது அவனோடு இருக்கும் ராத்கா காரை விட்டு இறங்கவில்லை.

“எல்லாம் பாதி பாதின்னு கோர்ட்ல சொல்லியாச்சு, ஹெட்விகா. செடியும்தான்.”

“அதுக்கு ஒரே வேர். வெட்டினா ரெண்டும் செத்துடும். தோட்டச் சங்கத்துல ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நீதானே?”

“அப்ப முழுசா குடு. ராத்கா தோட்டத்துல நல்ல வெயில், பூக்கும்.”

“அவ தோட்டத்துல எது வேணா பூக்கட்டும். இது போகாது.”

நட்டநடுவில் மண்வெட்டியை வைத்து மிதித்தான். வேர் அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பாவி. தெரிஞ்சே செஞ்சான்!

தன் பாதியை எடுத்துக்கொண்டு அவன் போனபின் பாதையில் சிதறிக் கிடந்த துணுக்குகளைப் பொறுக்கி மணல் தொட்டியில் செருகினேன். கைப்பழக்கம்.

செப்டம்பர் 14

என் பாதி பழுத்துக் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 2

முழுதாகக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும். நானும் தெரிந்துதானே மாட்டேன் என்றேன்? ஆமாம். அவள் வீட்டில் போய்ப் பூத்துத் தொலைக்குமோ என்ற பயம். செடிக்காகப் பேசுகிறவள் மாதிரி நின்றேன் — சுத்தப் பொய்.

நவம்பர் 23

மழை விடவில்லை. தொட்டிக்கு மேல் கண்ணாடித் தகடு வைத்தேன். பனியைத் தாங்கும் செடி, ஈரத்தைத் தாங்காது.

மார்ச் 3, 2017

யரோமிர் போன் செய்தான்.

“என்னோடது போயிடுச்சு. உன்கிட்ட ஏதாவது மிச்சம் இருக்கா?”

குரலில் சண்டை இல்லை. அதில்தான் எனக்கு எரிந்தது.

“ஒண்ணுமில்ல” என்றேன். ஜன்னலுக்கு வெளியே தொட்டி இருந்தது. இரண்டு துணுக்குகள் வேர் பிடித்திருந்தன.

மே 17, 2020

தொட்டியில் பூத்திருக்கிறது! ஒரே ஒரு பூ, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, இளஞ்சிவப்பு. மண்டியிட்டபடியே வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினேன் — “யரோ, இங்க வா, சீக்கிரம்!”

சமையலறை ஜன்னல் மூடியிருந்தது. எழுந்து, முழங்காலில் ஒட்டிய ஜல்லியைத் தட்டிவிட்டேன்.