அபி வீட்டுக்கு வராத சாயங்காலம்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நேற்று உன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை. பதறாதே, கிடைத்துவிட்டாள். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நீ கண்ணை மூடியதிலிருந்து அபி என்னிடம்தான் இருக்கிறாள். எம்.எஸ்ஸி. படித்த சித்தியாயிற்றே! வேலை முடிந்ததும் ஓடிவந்து, எட்டு மணி வரை அவள் பக்கத்தை விட்டு அசைவதில்லை. வாய்ப்பாடு, டிக்டேஷன், வீட்டுப்பாடம். நீ அவளுக்கு இவ்வளவு நேரம் கொடுத்ததுண்டா? அஞ்சாவதோடு நின்று, பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவள் நீ. கோபித்துக்கொள்ளாதே, உன்னைவிட நன்றாக வளர்க்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இந்த நேரம் பார்த்தா இப்படி ஆகவேண்டும்? வாலாஜாபாத்தில் அவர் அம்மா வீட்டோடு இருக்கும் உன் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "பாப்பா எங்க இருக்கணும்னு அதுவே சொல்லட்டும்மா" என்று போனில் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, கோயில் குளம் எல்லாம் தேடினேன். குளத்தங்கரையில் நின்று தண்ணீரையே உற்றுப் பார்த்தேன். கடைசியில் பிள்ளையார்பாளையத்தில், நீ கூலிக்கு நெய்த ருக்கு அக்கா வீட்டில் இருந்தாள். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏண்டி, சொல்லாம கொள்ளாம இங்க வந்த?" கையை ஓங்கிவிட்டேன், அக்கா.

"வுடும்மா, கொழந்த பயந்துக்கினு இருக்குது" என்று ருக்கு அக்கா குறுக்கே வந்தாள்.

அபி அழவில்லை. "அம்மா நெய்ஞ்சிக்கினே கேக்கும், சித்தி. 'அப்புறம் என்னாச்சு? எனக்குப் புரியல, இன்னொரு வாட்டி சொல்லு'ன்னும். நீ எங்க தப்புன்னே பாத்துக்கினு இருக்குற."

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாயா? இல்லை, அவள் பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டாயா? ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லையே நீ.

இன்று பாடப்புத்தகத்தை நான் தொடவில்லை. அவளும் பக்கத்தில் வரவில்லை. 'சித்தியோடயே இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லுடி' என்று நாக்கு நுனி வரை வருகிறது. அவள் இல்லாத வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன்?

ஆனாலும் அந்த ஒரு பதிலை மட்டும் அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். வாலாஜாபாத் என்று அவள் சொன்னால், அவள் துணிமணியை நானே மடித்துப் பையில் வைப்பேன். உன்மேல் சத்தியம்.

நீ தறியில் உட்கார்ந்து படிக்கவைத்த தங்கை,
கமலா