நான் எழுதாத கடைசிப் பத்தி

பெரியவனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். போன வாரம் அனுப்பிய படத்தில் கன்னம் நிறைந்திருந்தது, அதனால் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. இங்கே உன் அப்பா நலம், உன் தங்கை நலம், மாடிக் குழாய்கூட ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது. நான் மட்டும் நலமில்லை. காய்ச்சல், தலைவலி என்று பயந்துவிடாதே. கோபம். உன்மேல்தான். இதைத் தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசினால் நடுவில் நீ சரி விடும்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன், அப்படித்தான் உன்னை வளர்த்துக் கெடுத்தேன். காகிதத்தின் நடுவே உன்னால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி. படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே. முக்கியமாக, ஒரு எழுத்தையும் திருத்தாதே.

சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் நாங்கள் சிலர் கூடி எழுதியதைப் படிப்பது உனக்குத் தெரியும். அதை நடத்துகிற பல் டாக்டர் வைத்த விதிகளைச் சொல்லி நீ எத்தனை முறை சிரித்திருக்கிறாய். படித்து முடித்ததும் நல்லா இருக்கு என்று யாரும் சொல்லக் கூடாது, எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது என்பதைத்தான் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுதியதில் யாரும் பேனா வைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கேம்மா என்றாய். இருக்கட்டும். அந்த விதிகள் இருந்ததால்தான், இத்தனை வருடம் வாயைத் திறக்காத ஒரு விஷயத்தை அங்கே என்னால் எழுதிப் படிக்க முடிந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அத்தை வீட்டில் நடந்தது அது. அவருடைய கணவரின் மேலதிகாரி அன்று மதியம் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார், நான் அடுப்படியில் இருந்தேன். அப்போது என் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவுக்கு முடியல, அக்காவைக் கேட்டுக்கிட்டே இருக்காரு, உடனே அனுப்பி வைங்க என்றான். எடுத்தது உன் அத்தை. எடுத்துக் கேட்டுவிட்டு, வைத்துவிட்டு, அடுப்படிக்கு வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சமையலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். விருந்தாளிகள் சாப்பிட்டு, பேசிச் சிரித்து, கிளம்பி, நான் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

இதை எழுதி வட்டத்தில் படித்தேன். என் முடிவு இரண்டே வாக்கியம், உனக்கு நினைவிருக்கும், இருந்ததால்தானே அழித்தாய். "இன்றைக்கும் தொலைபேசி அடித்தால் முதலில் அண்ணி முகம்தான் கண்ணில் வருகிறது. மன்னிக்கவில்லை." அவ்வளவுதான். படித்து முடித்ததும் எங்கள் ஓய்வு பெற்ற கண்டக்டர், எதைப் படித்தாலும் நடுவில் கொட்டாவி விடுகிற மனிதர், "நான் எந்த ஸ்டாப்லயும் இறங்கலம்மா, கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அந்தச் சந்தோஷத்தில்தான் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். மேலே என்ன எழுதினேன்? படி, உனக்கு மட்டும். மூன்று சொல். அதில் எந்தச் சொல் உனக்குப் புரியவில்லை?

என் பிறந்தநாள் காலையில் எழுந்து போனைப் பார்த்தால் உன் செய்தி. அம்மா, உனக்கு ஒரு பரிசு, தொட்டுப் பாரு. தொட்டேன். இணையப் பத்திரிகையில் என் பெயர், என் எழுத்து. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கீழே போகப் போக என் வாக்கியங்கள்தான், காற்புள்ளிகூட மாறவில்லை. கடைசியில் வந்து நின்றது ஒரு பத்தி. "ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய கைகளைப் பிடித்தேன். அவரும் அன்று பயந்துபோன ஒரு பெண்தானே. அந்த நிமிடமே என் கோபம் கரைந்துபோனது." என் கை ஈரமாக இருந்தது உண்மை. மற்றதெல்லாம் உன் கைவேலை. உடனே உன்னைக் கூப்பிட்டபோது என்ன சொன்னாய்? "முடிவு ரொம்பக் கசப்பா இருந்துச்சும்மா, லேசாத் தட்டிக் கொட்டினேன்." தட்டிக் கொட்டுவதற்கு அது என்ன நசுங்கின சொம்பா? கசப்பாக இருந்ததை நான் எழுதினேன். கசப்பாக இருந்ததால் எழுதினேன்.

நான் வேலை பார்க்கும் இடம் உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, இப்போது கேள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. மேலேயே தடித்து எழுதக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருக்கும் தப்பு எல்லாருக்கும் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் தன் கையெழுத்தைப் போட வேண்டும். யார் மாற்றினார்கள், எதிலிருந்து மாற்றினார்கள் என்பது மறையக் கூடாது. அந்த வாரம்தான் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒன்று என்ற எண்ணின் மேலேயே எழுதி ஏழாக்கி வைத்திருந்தாள், பிடித்து நன்றாகத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள், "மேடம், உங்க கட்டுரையோட கடைசிப் பத்தியைப் படிச்சவங்க நீங்க இவ்ளோ கோபக்காரர்னா நம்பவே மாட்டாங்க." நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? எங்கள் தலைமை மருத்துவர் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். கடைசி வரி படிச்சு அழுதுட்டேன் என்கிறார். முதல் வரியிலிருந்து அதற்கு முந்தைய வரி வரை நான் எழுதியதற்கு ஒருவருக்கும் கண் ஈரமாகவில்லை, நீ எழுதிய மூன்று வாக்கியத்துக்குத்தான் இந்த அழுகை. தினமும் கைகழுவப் போகும்போது அந்தக் காகிதத்தின் கீழே நடக்கிறேன், திருடிய நகையைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பல் டாக்டர் என்னை உட்காரக்கூட விடவில்லை. "எங்களுக்குப் படிச்சது ஒண்ணு, ஊருக்குக் குடுத்தது ஒண்ணா? வாயில ஒரு பல்லு, டப்பாவுல ஒரு பல்லா?" என்று கேட்டார். கண்டக்டர் அதைவிட மோசம், மெதுவாகச் சொன்னார், "கடைசி ஸ்டாப்பை மாத்திட்டீங்களேம்மா. நாங்க இறங்கின இடம் வேற." என் மகன் செய்த வேலை என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது, வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்வது போல.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை வந்தார். ஒரு பை நிறைய ஆப்பிள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், நீ எழுதியது போலவே, ஆனால் பிடித்தது அவர். "இத்தனை வருஷமா உன் முன்னாடி என்னால நிமிர்ந்து உக்கார முடிஞ்சதில்ல. நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு. நீ மன்னிச்சிட்டேன்னு எழுதினதைப் படிச்சப்புறம்தான் மூச்சு வந்துச்சு" என்று அழுதார். அடுத்த மாதம் கண்ணில் புரை எடுக்கிறார்களாம், நீ கூட வந்து இருக்கணும், வேற யாரும் வேணாம், நீதான் சொட்டு மருந்து விடணும் என்றார். உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருவிழாக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளை கிடைத்ததைப் போல. பெரியவனே, இதை நன்றாகப் படி. இத்தனை வருடமும் அந்த வாயிலிருந்து வராத தப்பு என்ற சொல், உன் பொய்யின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. நான் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். காப்பி போட்டுக் கொடுத்து, போனது போகட்டும் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு என் ஆயுள் முழுக்க நீ எழுதிய பத்தியை நான் நடித்துக் காட்ட வேண்டும். கையை விடுவித்துக்கொண்டு சொன்னேன், "அண்ணி, அந்தக் கடைசிப் பத்தி நான் எழுதலை. பெரியவன் எழுதினது."

அப்போ நீ எழுதினது என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டு வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். உன் அப்பா நடுவில் போதும் நிறுத்து என்றார், நான் நிறுத்தவில்லை. உன் அத்தை முகத்தைத் துடைத்து, கொண்டுவந்த பழப் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். தூக்கிய வேகத்தில் ஒரு ஆப்பிள் விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது. இரண்டு பேருமே குனியவில்லை. வாசலில் நின்று திரும்பிச் சொன்னார், "உன் பையன்கிட்ட சொல்லு. பொய்யா இருந்தாலும், ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்னு சொல்லு." சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தவன் நீ, பறித்தவள் நான். என் பிறந்தநாளுக்கு நீ கொடுத்த பரிசு இதுதான், பிரித்துப் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. நான் எதிரில் நிற்கும்போதே உன் தங்கையிடம், உங்கம்மாகிட்ட சொல்லு, டீ போதும்னு, என்கிறார். அவள் இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோய் அலுத்து, எனக்கு இதுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், மதில் சுவரில் உரசிவிட்டாள், அதற்குக்கூட அவரைத் திட்ட வைக்க முடியவில்லை, அவர் கோபம் முழுவதையும் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு நாள் மட்டும் நேராகப் பேசினார், "உண்மை உண்மைங்கிறியே, எங்கக்கா அழுதுகிட்டே படியிறங்கினாங்க, உன் உண்மைக்கு இப்ப வயிறு நிறைஞ்சிடுச்சா" என்று. நிறையவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

உன்மேல் எனக்கு உள்ள பெரிய கோபம் பலகையும் இல்லை, பல் டாக்டரும் இல்லை. ஒருவேளை இன்னும் சில வருடம் கழித்து, எனக்கே தோன்றி, அப்படி ஒரு பத்தியை நான் எழுதியிருப்பேனோ என்னவோ. எழுதாமலும் போயிருப்பேன். எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுத ஆரம்பித்தேன். நீ முந்திக்கொண்டு போய் அந்த வாசலில் என் பெயரை ஒட்டிவிட்டு வந்துவிட்டாய். இனி நான் நிஜமாகவே மன்னித்தாலும் அது உன்னைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது அந்த ஒரு வழி, அதை நீ நடந்து அழுக்காக்கிவிட்டாய்.

பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தேன். வாசகர்கள் இந்த முடிவைத்தான் கொண்டாடுகிறார்கள், மாற்ற வேண்டுமானால் அனுப்பியவர் கேட்க வேண்டும், அது எங்கள் விதி என்று ஆசிரியர் பதில் போட்டார். விதி என்று ஒருவர் சொன்ன பிறகு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அதனால் கேட்க வேண்டியவன் நீ. இத்துடன் பலகையிலிருந்து நானே கழற்றிய அந்த அச்சுப் பக்கத்தை வைத்திருக்கிறேன். உன் பத்தியின்மேல் ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன், அடியில் எல்லாம் படிக்கிற மாதிரி இருக்கிறது. அதை மறைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் என் இரண்டு வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன், அங்கே நீ கையெழுத்துப் போடு, அதைப் பத்திரிகைக்கு அப்படியே அனுப்பு. இரண்டும் வரட்டும், யார் எதை எழுதினோம் என்பது தெரியட்டும். உன் அத்தைக்குத் தனியாக எழுது. அத்தை, உங்களை மன்னித்தது நான்தான் என்று உன் பெயரிலேயே எழுது. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. அவருக்கும் அது பொய்யாக இருக்காது.

அவருடைய கண் சிகிச்சைக்கு நான் போவேன். வர வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். போவேன். கையைக் கழுவிவிட்டு, நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடுவேன், என் வேலையை நான் ஒழுங்காகச் செய்வேன் என்று அவருக்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டு யாராவது மனம் கரைந்தது கிரைந்தது என்று எழுதினால் அவர்கள் பேனாவை முறிப்பேன், அது என் வயிற்றில் பிறந்தவனாக இருந்தாலும்.

கடைவாய்ப் பல் இன்னும் கூசுகிறது என்றாயே, தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. குளிர் ஆரம்பிக்கிறது, அந்தப் பழைய ஸ்வெட்டரையே இழுத்துக்கொண்டு அலையாதே. நீ நல்ல வேலையில், நல்ல உடம்போடு, நல்ல மனிதர்கள் நடுவே நீண்ட காலம் இருக்க வேண்டும். கோபத்தில் எழுதினாலும் இந்த வாழ்த்தில் கலப்படம் இல்லை. பக்கத்தைத் திருப்பி அனுப்பும்போது மடிக்காமல் அனுப்பு, ஓரத்தில் கையெழுத்து மறக்காதே. அது வந்து சேரும்வரை அந்த ஆப்பிளை நான் எடுக்கப்போவதில்லை. உன் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைத்தான் திட்டுகிறாள்.

இப்படிக்கு,
முதல் வரி முதல் கடைசி வரி வரை தானே எழுதிய,
உன் அம்மா