கதவில் ஒட்டிய தாள்

ஜூலை 18
பாலாநகர் கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் இன்று காலையும் எண்ணை மாற்றினேன். 412. நேற்று மழைக்கு ஒதுங்கிய இருவர், பழைய சுவர் மேலே விழுந்து செத்துப்போனார்கள். சாய்குமார், வெங்கட். ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதனால் கணக்கில் வரமாட்டார்களாம். மேனேஜர் நாராயணஸ்வாமி சொன்னார், நானும் மாற்றினேன். பாதுகாப்புப் பிரிவில் வேலையாம் எனக்கு. த்தூ!

ஜூலை 19
சோறு இறங்கவில்லை.

ஜூலை 21
எழுதித் தொலைக்கிறேன். சுவர் விழுந்த அன்று மதியம் ஓய்வறையில் நான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சொட்டச் சொட்ட நனைந்து, டிபன் டப்பாவோடு சாய்குமார் வாசலில் வந்து நின்றான். பின்னால் வெங்கட். கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று தெலுங்கில் கேட்டான். கதவில் ஒட்டியிருந்த 'நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்' தாளைக் காட்டினேன். வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை. "சரே மேடம்" என்று போய்விட்டான் — ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கக் கூடாதா?

ஜூலை 26
நாளை மறுநாள் தொழிலாளர் துறை விசாரணை. நாராயணஸ்வாமி கூப்பிட்டு உட்காரவைத்தார்.
"யாரும் வரலேன்னு சொல்லிடு. சாப்பாட்டு நேரத்துல எங்கேயோ போய் நின்னா நாம என்ன பண்றது?"
"வந்தாங்க சார். நாந்தான் அனுப்பிட்டேன்."
"நக்கோ மா, வேணாம்! நீயா போய் மாட்டிக்காதே. பொண்ணு இப்பத்தானே காலேஜ் சேர்ந்திருக்கா?"
ஆமாம். ரோகிணியை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. என்ன சொல்லப்போகிறேன்?

ஜூலை 28
சொல்லிவிட்டேன். "அனுப்பியது நீங்களா?" அதிகாரி இரண்டு தரம் கேட்டார். நான்தான், நான்தான். எதிரே சாய்குமாரின் மனைவி யாதம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4
உப்பல் கிடங்குக்கு மாற்றல். எதிர்பார்த்ததுதான்.

நவம்பர் 11
தொழிலாளர் துறை உத்தரவு வந்துவிட்டது. ஓய்வறை, கேன்டீன், குடிநீர் எல்லாம் இனி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. அதைக் காட்டியே பக்கத்து இரண்டு கம்பெனிகளிலும் தொழிற்சங்கம் கேட்டு வாங்கிவிட்டது. ஒரு கதவைத் திறக்க இரண்டு உயிர் போகணுமா?

ஜூலை 17
ஓராண்டு. பாலாநகர் கம்பெனிக்குப் போனேன். சங்கத்தார் ஓய்வறைக்குள் இருவர் படத்தையும் மாட்டி மாலை போட்டார்கள். ஒப்பந்தப் பெண்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாதம்மா படத்தின் அருகே போகவில்லை. சுவர் எங்கே இருந்தது என்று கேட்டாள். சங்கத்துப் பழனிசாமி அழைத்துப் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, ஓய்வறை வாசல்வரை ஒவ்வொரு காலடியாக எண்ணிக்கொண்டே நடந்து வந்தாள். பதினொன்று.

"இந்தேனா மேடம்?" என்று என்னைக் கேட்டாள். இவ்வளவுதானா?

இவ்வளவுதான் என்றேன்.