கர்னல் திட்டாத காலை

கெய்டாம்,
செவ்வாய், அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் யாகாகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மாமா கியாரியும் நலம். நீயும் உன் முகாமில் இருப்பவர்களும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

"அப்பா, இனிமே போன்ல என் குரலே கேட்டாலும் நம்பாதீங்க, எழுதி அனுப்புங்க" என்று நீ கடிதத்தில் எழுதியதிலிருந்து நான் போனை எடுப்பதில்லை. அடித்தால் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நாளைக் காலை வண்டியில் வரும் டிரைவர் லவானிடம் கொடுக்கிறேன். சோதனைச் சாவடியில் பிரித்துப் படித்தாலும் பாதகமில்லை. ஒளிக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். தவறாகவும் நினைக்கலாம்.

மழை இரண்டு தரம் பெய்தது. கம்பு முளைத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆடு வேலியைத் தாண்டி வந்து உன் அம்மா வைத்த வெண்டையை மேய்ந்துவிட்டது. கேட்கப் போனேன். போனதும் அவர்கள் கம்பு மாவு ஃபூராவைத் தயிரில் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, ஆட்டைப் பற்றிப் பேசாமலே வந்துவிட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் ஆட்டைக் கட்டி இழுத்து வந்திருப்பாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், கவலைப்படாதே.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எனக்கே எழுதிக் காட்டிக்கொள்கிறேன். கோர்ட்டுப் பதிவாளர் புத்தி. தெரிந்ததையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

அன்று காலை உன் பிரிவின் ஆளில்லா விமானம் மேலே இருந்தது. மணல்மேட்டுக்குக் கீழே ஆண்கள் வரிசையாக நடந்து வருவது திரையில் தெரிந்தது. ஒவ்வொருவன் தோளிலும் நீளமாக ஒன்று. அப்போது கர்னல் ஹம்மன் ஜௌரோவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கர்னலின் குரல். அவர்கள் ஆயுதக் கூட்டம் என்று உறுதியாகிவிட்டது, உடனே தாக்கு என்றது. திரைக்கு முன்னால் இருந்த பையன்கள் எல்லாரும் உன்னையே பார்த்தார்கள். நீ பொத்தானை அழுத்த அனுமதி தரவில்லை. "குரல் அவருதுதான்ப்பா. ஆனா என்னைத் திட்டவே இல்ல" என்று எழுதியிருந்தாய்.

அந்த வரியைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கர்னலின் ஃபுலானி மக்களுக்கும் நம் கனூரி மக்களுக்கும் உள்ள கேலி உறவு பாட்டன் பூட்டன் காலத்தது. அவர்கள் நம்மை அடிமை என்பார்கள். நாம் அவர்களை மாட்டுத் திருடர் என்போம். கோபப்பட்டவன் தோற்றவன். கர்னல் உன்னைக் கூப்பிட்டு ஒரு காரியம் சொல்வதற்கு முன், "அடியே அடிமை, முழிச்சிட்டியா, இல்ல இன்னும் விழுந்த மரம் மாதிரி கிடக்கிறியா?" என்று கேட்காத நாளே இல்லை என்றும், நீ "எந்திரிச்சாச்சு சார், நேத்து எத்தனை மாடு திருடுனீங்க?" என்று கேட்ட பிறகுதான் கட்டளையே வரும் என்றும் நீ முன்பு சொல்லிச் சிரித்திருக்கிறாய். அன்றைய குரல் மரியாதையாகப் பேசியது. பணிவாகக்கூடப் பேசியது. அதனால் நீ ஆளை அனுப்பிக் கர்னலைத் தேடச் சொன்னாய். அவர் செருப்புக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்து, "எந்தக் கழுதைடி உனக்குக் கட்டளை குடுத்தது? உன்னைச் சந்தையில வித்தாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டானே!" என்று கத்தினார். நீ அப்போதுதான் அழுதாய் என்று எழுதியிருந்தாய்.

அந்த ஆண்கள் யார் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. தங்களில் ஒருவனின் மாமனார் நிலத்தில் கூட்டாகக் களை கொத்தப் போன ஊர்ப் பையன்கள். தோளில் இருந்தவை நம் மணல் பூமியில் நின்றபடி தள்ளும் நீளக் கைப்பிடிக் களைக்கொத்துகள். நம் படை அவர்களைக் கொன்றால் ஊரெல்லாம் படைக்கு எதிராகத் திரும்பும். குரலைக் கணினியில் வார்த்தவர்கள் கணக்குப் போட்டது அதைத்தான்.

அந்தப் பையன்களில் ஒருவனின் தாய் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் உனக்காகக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள் என்று கேள்விப்பட்டேன். யாருக்காக என்று அவளுக்குப் பெயர் தெரியாது. "திட்டு வாங்காத அந்தப் பொண்ணுக்கு" என்றாளாம்.

இதுவரை எனக்கு விளங்கியது. இனி எழுதப்போவதுதான் கடினம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் நம் வீட்டுக்கு வந்தாள். பெயர் தலாத்து. உன் சார்ஜென்ட் இஷாயாவின் மனைவி. வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். உன் கடிதத்தில் இஷாயாவைக் காவலில் வைத்திருப்பதை நீ எழுதவில்லை. கர்னலின் குரலை வெளியே கொடுத்தது யார் என்பதுதான் இப்போது விசாரணையாம். இஷாயா விருந்துகளில் கர்னல் போலப் பேசிக் காட்டுவாராம். அதற்காகக் கர்னலின் பேச்சைப் போனில் பதிந்து வைத்திருக்கிறாராம். கர்னலே விழுந்து விழுந்து சிரித்த அந்த வித்தை இப்போது அவர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"ஐயா, நீங்க கோர்ட்டுல பதிவாளரா இருந்தவராமே. எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றாள். நான் வழக்கம்போல, எனக்கு ராணுவச் சட்டம் தெரியாது, நல்ல வக்கீலைப் பாரம்மா என்றேன். "வக்கீலைப் பாக்கத் தெரிஞ்சிருந்தா ஆடு விக்க வந்தவ மாதிரி வாசல்ல ஏன் நிக்கிறேன்?" என்றாள். பிறகு, "எங்க வீட்டுக்காரரு குரலைத்தான் திருடுவாரு. ஆளை விக்க மாட்டாரு" என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

மனு எழுதுமுன் அந்தப் பொய்க் குரல் பேசிய வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்ட இஷாயா அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் சொன்னாள்: "அந்தக் குரல் உங்க மக மேஜரைப் பேரு சொல்லிக் கூப்பிடலையாம் ஐயா. ஏதோ யாகாகான்னு கூப்பிட்டுச்சாம். அது என்ன பாஷைன்னே எங்களுக்குத் தெரியல."

என் பேனா நின்றுவிட்டது, மகளே.

உனக்கு என் தாயின் பெயரை வைத்தோம். மூத்தவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் பிறந்த நாள்முதல் உன்னை, பாட்டி என்னும் பொருளில், யாகாகா என்றே கூப்பிட்டோம். படையில் உனக்கு உன் இயற்பெயர். முகாமில் கர்னலைத் தவிர ஒருவருக்கும் யாகாகாவைத் தெரியாது. கர்னல் அந்தப் பெயரை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவின் துக்கத்துக்கு வந்தபோது, நம் பாயில் உட்கார்ந்து, வீட்டில் எல்லாரும் சொல்வதைக் கேட்டு அவரும் சொன்னார்: "யாகாகாவைப் பத்திக் கவலைப்படாதீங்க ஐயா. அவ எங்க பொறுப்பு." துக்க வீடு, எதிரில் இருப்பவன் மனைவியை இழந்தவன் என்பதால் அன்று மட்டும் அவர் கேலியைத் தள்ளி வைத்தார். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு நிதானமாகப் பேசினார்.

அந்தப் பேச்சைக் கியாரி பதிந்தான். கர்னல் நம் பாயில் உட்கார்ந்த பெருமை அவனுக்கு. அவன் போனில் உயிர் இல்லாததால் என் போனை வாங்கிப் பதிந்தான். என் போனிலிருந்தே குடும்பக் குழுவில் போட்டான். அங்கிருந்து யாரோ முகநூலில் ஏற்றிவிட்டார்கள். நேற்றுத் தேடிப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பொய்க் குரல் திட்டாததற்கும் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குக் கிடைத்தது துக்க வீட்டுக் குரல். அதில் திட்டு இல்லை. கணினி விஷயத்தில் நான் பாமரன். என் ஊகம் பிழையாக இருக்கலாம். ஆனால் பெயர் பிழையில்லை.

இதைப் படிக்கும் நீ ஆச்சரியப்பட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். திட்டாததைக் கவனித்த என் மகள் அந்தப் பெயரைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள். எனக்கு எழுதிய கடிதத்தில் திட்டைப் பற்றி எழுதினாய், பெயரை எழுதவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை என்று தலாத்து பேசியதிலிருந்து ஊகிக்கிறேன். சொன்னால் அடுத்த நாளே ராணுவ வண்டி இந்த வாசலுக்கு வரும், போனுக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்கும், அப்பா பயத்திலேயே செத்துப்போவார் என்று நினைத்திருப்பாய். நீ நினைத்தது நியாயம்தான். போலீஸ்காரர் சைக்கிளில் வந்து முகவரி கேட்டாலே தண்ணீர் குடிக்கிறவன் நான்.

யாகாகா, நீ எனக்கு நிழலாக நிற்கிறாய். அந்த நிழலுக்கு விலையாக இஷாயா உள்ளே இருக்கிறார். அவர் உன் ஆள். வரிசையாக நடந்த பையன்களை முகம் தெரியாமலே காப்பாற்றினாய். இவர் முகம் உனக்குத் தெரியும். இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரிய இடத்தில் தலையை நிமிர்த்தாதே என்று சொல்லி வளர்த்தவன் நான். தலைமை தாங்குவதைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. மனுவில் பொய் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டு எழுதினாலும் அது பொய்தான்.

கியாரியிடம் சொன்னேன். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "அத்தான், உங்களுக்கென்ன கிறுக்கா? அந்த சார்ஜென்ட் நமக்கு மாமனா மச்சானா? கோர்ட்டுல அத்தனை வருஷம் உக்காந்தீங்களே, ஒரு நாளாவது வாயைத் திறந்தீங்களா? இப்ப போய் துப்பாக்கிக்காரங்க முன்னாடி திறக்கப் போறீங்களாக்கும்!" என்றான். ஆமாம் கியாரி, திறக்கத்தான் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். "அப்படியென்றால் நீயும் கூட வா" என்றுதான் வந்தது. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு, "உங்களைத் தனியா விட்டா பஸ்ஸை மாறி ஏறி கானோவுக்குப் போயிருவீங்க" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் நல்ல அங்கியைத் துவைக்கப் போட்டான்.

ஆகவே நானும் அவனும் வியாழக்கிழமை வண்டியில் வருகிறோம். போனையும் எடுத்து வருகிறேன். பதிவு அதில் அப்படியே இருக்கிறது. நான் வருமுன் நீ விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடு. நான் வந்து சொல்லி நீ ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டாம். நீ சொல்லி நான் சாட்சிக்கு வந்ததாக இருக்கட்டும். அவர் தெற்கத்தியவர், நம் கேலி உறவு தெரியாதவர், திட்டு விஷயத்தை எழுதிக்கொள்ளவே இல்லை என்று எழுதியிருந்தாய். அவருக்கு நான் விளக்குகிறேன். அவர் முன்பாகவே கர்னலையும் உன்னையும் ஒருவரையொருவர் திட்டிக் காட்டச் சொல்லலாம் என்றுகூட யோசனை இருக்கிறது. அங்கே வந்ததும் அந்தத் துணிவு இருக்குமோ என்னவோ.

உன்னிடம் இரண்டு வேண்டுகோள். வாசலுக்கு நீ வராதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் திரும்பி வண்டி ஏறிவிடுவேன். கர்னலுக்கு நேரம் இருந்தால் அவரை வரச் சொல். வந்ததும், "வாய்யா கிழட்டு அடிமை" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். மாட்டுத் திருடருக்குப் பதில் சொல்ல எனக்கும் வாய் வரும் என்று நம்புகிறேன்.

ஒரு பயம் மட்டும் மிச்சம். விசாரணையில் முதல் கேள்வியே, உன் மகளின் பெயரைச் சொல் என்றுதான் இருக்கும். நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. இன்று பிற்பகல் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். முதலில் குரல் எழவில்லை. பிறகு எழுந்தது. என் தாய் கோபிக்க மாட்டாள். அவள் பேத்தி மரியாதையான பொய்யைக் கேட்டும் கை ஓங்காதவள்.

அல்லாஹ் உன் கண்ணுக்குத் தெளிவையும் நாவுக்குத் துணிவையும் தரட்டும். உன் கீழ் இருப்பவர்கள் உன்னை நம்பி உறங்கட்டும். உன் அம்மாவின் துஆ உன்னோடு இருக்கட்டும்.

மேஜர் ஃபல்மாத்தா கச்சல்லாவின் தகப்பன்,
கச்சல்லா கோனி.