பேராசிரியர் கேட்ட ஓர் ஊர்

செலியமேடு
21 ஆகஸ்ட் 1962

அன்புள்ள அத்தான்,

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் அனுப்பிய பாரிஸ் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. சென்னையும் பம்பாயும் முன்பே வந்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்றையும் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆராய்ச்சிக்குப் போகிறவள் மாதிரி இல்லை, ஜாதகம் பார்க்கிறவள் மாதிரி இருக்கிறேன்.

சிதம்பரத்தில் எனக்கு எம்.ஏ. பாடம் எடுத்த பேராசிரியர் ஒரே ஓர் இடத்துக்குத்தான் சிபாரிசு எழுதுவாராம். "யோசித்து ஓர் ஊரைச் சொல்லம்மா" என்கிறார். அக்டோபர் கடைசி வரை அவகாசம்.

பதினாறாம் தேதி புதுச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்ததற்குப் பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்றபோதும் நான் பகா எண்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகப் போக அவை அருகிக்கொண்டே வருகின்றன, ஆனால் தீர்ந்துபோவதில்லை. பாகூர் ஏரிக்கரையில் நடந்தால் தூரத்துப் பறவைகள்கூட அப்படித்தான் தெரிகின்றன.

அத்தைக்குக் கோபம். "இன்னாடி பொண்ணே, புருசன் இருக்கற ஊர்ல கணக்கு கெடையாதா?" என்கிறார். கல்யாணமான கையோடு நீங்கள் கப்பலேறி நான்கு வருஷம் ஆகிறது.

உங்கள்
சிந்தாமணி

---

பாரிஸ்
5 செப்டம்பர் 1962

என் சிந்தாமணிக்கு,

ரயில்வே ஆபீஸ் வேலை வழக்கம்போல. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணித நிலையத்தைப் பார்க்கப் போனேன். கதவு பூட்டியிருந்தது. காவல்காரர் என்ன வேண்டும் என்றார். "என் மனைவி இங்கே படிக்க வரப்போகிறாள்" என்றேன். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

பிறகு ஆற்றோரமாக நடந்துகொண்டே இருந்தேன். நீ பக்கத்தில் வருகிற மாதிரியே இருந்தது. குறுகலான ஓர் இடத்தில் உனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். எதிரே வந்த கிழவி எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு சன்னல் உள்ள அறை ஒன்று பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். பாகூர் மேரி ஆபீசில் மேயரிடமே விசாரித்து வை. பேராசிரியரிடம் பாரிஸ் என்று சொல்லிவிடு. எனக்குத் தனியாக இருந்து அலுத்துவிட்டது.

உன்
உத்திராபதி

---

செலியமேடு
22 செப்டம்பர் 1962

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நாலு தரமும் உங்களோடு அந்த ஆற்றோரம் நடந்தேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு தண்ணீர்ச் சத்தம் கேட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை நாளில் இன்னொரு முறை அங்கே போய்வாருங்கள். என்னை விடாத கேள்வியைத் தனித்தாளில் பிரெஞ்சில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி, இதில் வேலை செய்கிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பம்பாயில் ஒருவர் இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். படித்தபோது, நான் பாதியில் விட்ட பேச்சை யாரோ எடுத்துத் தொடர்கிற மாதிரி இருந்தது. பாரிசிலும் அப்படி ஒருவர் இருந்தால் மறுபேச்சில்லாமல் புறப்பட்டுவிடுவேன்.

உங்கள்
சிந்தாமணி

---

பாரிஸ்
12 அக்டோபர் 1962

சிந்தாமணிக்கு,

போனேன். ஒரு பேராசிரியை, என் அம்மா வயதிருக்கும், தாளை வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். எழுதியது யார் என்று கேட்டார். சொன்னேன்.

"இங்கே இப்போது இதை யாரும் செய்வதில்லை. சேர்த்துக்கொண்டாலும் எங்கள் வேலையைத்தான் செய்யச் சொல்லுவோம். இவள் போகவேண்டியது பம்பாய்" என்றார்.

மூன்று நாள் இதை உனக்கு எழுதவில்லை. 'ஆள் இருக்கிறார்களாம், வா' என்று ஒரு கடிதம் எழுதிக்கூட வைத்தேன். நீ வந்திருப்பாய். ஒரு வருஷம் கழித்து என்னை எப்படிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். கிழித்துவிட்டேன்.

இனி ஊரைச் சொல்லவேண்டியது நீதான். எனக்குக் கொஞ்ச நாள் எழுத வராது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உத்திராபதி

---

பம்பாய்
9 டிசம்பர் 1962

அன்புள்ள அத்தான்,

நேர்காணல் முடிந்து, இங்கே வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இது மூன்றாவது.

வில்லியனூர் ரயிலடியில் அத்தை என் கையை விடவே இல்லை. "எம் புள்ள உண்மய சொல்லிட்டு அங்க தனியா குந்தியிருக்கான். அவன உட்டுடாதடி" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து திண்டிவனம் தாண்டும் வரை அழுதேன்.

இங்கே கடல் மேற்கில் இருக்கிறது. சூரியன் தண்ணீருக்குள் இறங்குகிறது. தினமும் பார்க்கிறேன், தினமும் திசை தப்பிப்போகிறது. அந்த நேரத்தில் எண்களும் அலையும் உங்கள் குரலும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை.

தாலி கட்டியபோது உங்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அக்டோபர் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். குடியுரிமைக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மே மாதத்திலிருந்து இரண்டு மாதம் விடுமுறை தருகிறார்கள். கப்பலில் போக, வர ஒரு மாதம் போனாலும் ஒரு மாதம் மிச்சம்.

'வா' என்று ஓரெழுத்து எழுதுங்கள், போதும். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள்.

உங்கள்
சிந்தாமணி

---

பாரிஸ்
20 டிசம்பர் 1962

என் சிந்தாமணிக்கு,

மே மாதம் இங்கே குளிர் விட்டிருக்கும். ஆனாலும் கம்பளிச் சால்வை எடுத்துக்கொள். மார்செய் துறைமுகத்தில் நிற்பேன்.

ஒரு மாதம் கழித்து அதே துறைமுகத்துக்கு உன்னைக் கப்பலேற்ற வரவேண்டியவனும் நான்தான். அந்த நாளையும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

வா.

உன்
உத்திராபதி